சந்தனம் பூசின கம்ப்யூட்டரும் வெள்ளை மாப்பிள்ளையும்

ஆவுடையாள்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற பால்வண்ணன் அண்ணாச்சி பிளெக்ஸ் கடையில, புதுசா வந்த கம்ப்யூட்டர் ஊர்ல இன்னும் நடக்காத விசேஷத்துக்கெல்லாம் தானாவே பேனர் போட ஆரம்பிச்சது ஒரு ஆவணி மாசம் புதன்கிழமை காலையில பத்தேகால் மணிக்கு. அந்நேரம் கடையில கரண்டு இருந்துச்சு, செண்பகவல்லி இருந்தா, அண்ணாச்சி மட்டும் வழக்கம்போல டீக்கடை பெஞ்சுல உக்காந்து நாட்டைத் திருத்திக்கிட்டு இருந்தாரு.

செண்பகவல்லி அந்தக் கடையில எட்டு வருசமா டிசைன் போடுறவ. இருபத்தேழு வயசு. ஊர்ல உள்ள அம்புட்டுக் கருத்த மூஞ்சியையும் மவுஸால தேச்சுத் தேச்சு வெளுப்பாக்கினவ அவதான்; வழுக்கையில முடி நட்டவ, தொப்பையை உள்ள தள்ளினவ, செத்த கிழவிக்கு ஆதார் அட்டையில இருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பட்டுச்சேலை கட்டிவிட்டவ. அதனால அவளுக்கு ஊர்க்காரங்க மேல மரியாதைன்னு ஒண்ணு மருந்துக்கும் கிடையாது. ஒருத்தன் மூஞ்சியை எண்ணூறு மடங்கு பெருசாக்கிப் பாத்தவளுக்கு அவன் மேல மரியாதை எங்கிட்டு இருந்து வரும்?

அந்தக் கம்ப்யூட்டர் வந்த கதையே ஒரு கூத்து. பக்கத்தூர்க் கடையில பேனர் கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துருதுன்னு எவனோ கொளுத்திப் போட்டுட்டுப் போக, அண்ணாச்சிக்குத் தூக்கம் போச்சு. இந்த அண்ணாச்சி முன்ன ஒருதரம் மிக்சி ரிப்பேர் பாக்கிறேன்னு உக்காந்து சட்னியை மச்சு வரைக்கும் ஏத்தினவரு, அந்தக் கறை இன்னும் அங்கதான் இருக்கு, அவரு பொண்டாட்டி வாராத விருந்தாளியை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவா, அது கிடக்கட்டும். அந்த மனுசன் பாகம் பாகமா வாங்கி, போன்ல வீடியோ பாத்து, தானே மாட்டினாரு. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ள ஏழு கலர்ல லைட்டு, பாத்தா அம்மன் கோயில் சப்பரம் மாதிரி இருந்துச்சு. பூசையும் போட்டாரு. நாலு சக்கரம் இல்லாததால எலுமிச்சம்பழத்தை மவுஸுக்கு அடியில வச்சு நசுக்கினாரு.

"ஏ புள்ள, இதுக்குப் பேரு ஓவர்கிளாக்கு. தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணாச்சி. செஞ்சவன் குறிச்சுக் குடுத்த வேகம் பத்தாதுன்னு நாமளே கூட்டிவிடுறது. சூடாகும். பாதியில தொங்கி நின்னுரும்."

"அதெல்லாம் ஏனோதானோன்னு மாட்டினவனுக்கு. நான் பூசை போட்டு மாட்டியிருக்கேன்."

நாலு புள்ளி ஏழு வேகத்துல ஓடுன்னு செஞ்சு அனுப்பின சிப்பை அஞ்சு புள்ளி ஆறுல ஓட விட்டாரு. ஓடுச்சு. ஓடி, அந்தப் புதன்கிழமை, ஊரைத் தாண்டி முன்னால போயிருச்சு.

யாரும் டைப் அடிக்கல, யாரும் போட்டோ குடுக்கல. திரையில ஒரு பைல் வந்து நின்னுச்சு. எண்ணெய்க்கடை உலகமுத்து இல்லத் திறப்பு விழா, புரட்டாசி மூணு, அனைவரும் வருக. உலகமுத்துக்கு வீடு கிடையாது, மனை கிடையாது, எண்ணெய்க்கடை மாடியிலதான் வாடகைக்குக் கிடந்தான். செண்பகம் அதை அழிச்சா. மறுபடி வந்துச்சு, இந்தத் தடவை அவன் மச்சினன் ரெண்டு பேரு படத்தோட. மறுபடி அழிச்சா. ஒன்றியச் செயலாளர் கும்பிட்டபடி சேந்துக்கிட்டாரு. சரி, இதை அழிக்க அழிக்க ஆளுதான் கூடும்னு புரிஞ்சுக்கிட்டு, அண்ணாச்சியைக் கூப்பிட்டா.

அண்ணாச்சி பாத்தாரு. ஏன் வந்துச்சு எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. "சைஸு பத்துக்கு எட்டு போதுமா பன்னெண்டுக்கு எட்டா?"ன்னாரு.

உலகமுத்து வந்து பேனரைப் பாத்துட்டு, "பேனரே வந்துருச்சே, இனிமே வீடு கட்டாம இருந்தா ஊரு சிரிக்குமே"ன்னு தலையில கைவச்சு உக்காந்தான். புரட்டாசி மூணாந் தேதி, ஒரு நிலைப்படியும் கதவும் மட்டும் வெட்டவெளியில நின்னுச்சு. அதுக்கு மாவிலை கட்டி, பாலைக் காய்ச்சி, நூத்தம்பது பேரு கதவு வழியா உள்ள போய் அந்தப் பக்கம் புல்லுல வந்து நின்னு, "வீடு நல்ல காத்தோட்டம்"னு சொல்லிட்டுச் சாப்பிட்டாங்க.

அப்படித்தான் ஊரு அதைப் பழகிக்கிச்சு. வேற ஊரா இருந்தா பயந்திருக்கும், இல்ல கோயில் கட்டியிருக்கும். ஆவுடையாள்பட்டி காலையில பல்லு விளக்கினதும் வந்து, "இன்னிக்கு நமக்கு ஏதும் வந்திருக்கா"ன்னு கேட்டுட்டுப் போச்சு. ரிட்டயர்டு தபால்காரர் சிவனணைஞ்ச பெருமாளுக்குக் கண்ணீர் அஞ்சலி வந்துச்சு, வர்ற செவ்வாய்க்கிழமை தேதி போட்டு. மனுசன் கல்லு மாதிரி இருந்தாரு, சைக்கிள்லதான் வந்தாரு. வந்து, செத்துப் போவேனான்னு கேக்கல. "எம் பேருல ணகரம் தப்பா இருக்கு தாயி, மாத்து. இந்தக் கண்ணாடி வேண்டாம், கூலிங் கிளாஸ் போடு"ன்னாரு. மகனுங்க ரெண்டு பேரும் யாரு பேரு மேலன்னு கடை வாசல்லயே சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்பா நடுவுல நின்னு, "மூத்தவன் பேரைப் போட்டு இளையவன் படத்தைப் பெருசா வை தாயி"ன்னு பஞ்சாயத்துப் பண்ணிட்டுப் போனாரு. செவ்வாய்க்கிழமை காலையில குளிச்சு, திருநீறு பூசி, படுத்து, செத்தாரு. கம்பத்துல பேனரு ஏற்கெனவே கட்டியாச்சு, அவரு என்ன செய்வாரு பாவம். வாழ்நாளெல்லாம் தபாலைத் தேதி தவறாம குடுத்த மனுசன்.

கோளாறு அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. பேனர் பாதி ஓடும்போதே திரை நீலமாகி, கம்ப்யூட்டர் செத்து, திரும்ப உயிரோட வரும். அதுக்குள்ள பிளெக்ஸ் மெசின்ல அச்சானது அச்சானபடி நிக்கும், மிச்சம் வெள்ளையா வரும். டெய்லர் காந்திமதிநாதன் பேத்திக்குக் காதணி விழா பேனர் அப்படித்தான் நட்ட நடுவுல நின்னுச்சு. பிள்ளை மூஞ்சியில பாதி, ஒரு காது.

"இன்னொண்ணு அடிச்சுக் குடும் வேய்"ன்னாரு டெய்லரு.

அண்ணாச்சிக்குப் பிளெக்ஸ் ரோல் வீணாகிறது ஆகாது. நெஞ்சை நிமித்திக்கிட்டு, ஊர்க்காரங்க எல்லாரும் கேக்க, "ஏறினது ஏறினதுதான் வேய். பேனர்ல உள்ளபடி செய்யும்"னாரு.

அந்தப் பிள்ளைக்கு ஒரு காதுலதான் தோடு போட்டாங்க. இன்னிக்கும் அது பள்ளிக்கூடத்துக்கு ஒத்தத் தோட்டோட போகுது, கேட்டா "பேனர்ல இவ்வளவுதான் வந்துச்சு"ன்னு சொல்லுது. அறிவுள்ள பிள்ளை, அந்தக் குடும்பத்துல எப்படிப் பொறந்துச்சோ.

இப்படி இருக்கையில ஒரு வெள்ளிக்கிழமை, திரையில செண்பகமே வந்து நின்னா.

திருமண அழைப்பு. ஐப்பசி பதினொண்ணு. இருபதுக்கு எட்டு. இடது பக்கம் அவ, காலேஜு அடையாள அட்டையில இருந்த படம், கழுத்துல ஒத்தப் பாசிமணி. வலது பக்கம் மந்திரமூர்த்தி.

மந்திரமூர்த்தி யாருன்னா அண்ணாச்சி பொண்டாட்டிக்குத் தம்பி. முப்பத்தெட்டு வயசு. கோழிப்பண்ணை வச்சுக் கோழியைத் தின்னே தீத்தவன். ஒட்டகப்பாலு விக்கிறேன்னு கிளம்பி, ஒட்டகத்தைப் பாக்காமலே திரும்பி வந்தவன். எட்டு வருசமா செண்பகம் அவனுக்கு ஒவ்வொரு பிறந்தநாள் பேனருக்கும் மண்டையில முடி நட்டுக்கிட்டு இருக்கா. அவன் சொட்டை எந்த வருசம் எம்புட்டு வளந்துச்சுன்னு அவன் அம்மாவுக்குத் தெரியாது, செண்பகத்துக்குத் தெரியும். இனிமே அந்த மூஞ்சியைத் தெனமும் பெருசாக்காமலே பாக்கணுமாம்.

அழிச்சா. மந்திரமூர்த்தி கையில ரோசாப்பூவோட வந்தான். அழிச்சா. கோட்டு போட்டுக்கிட்டு வந்தான். நிறுத்திட்டா.

மதியம் சாப்பாட்டுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அண்ணாச்சி மதியமே மண்டபம் சொல்லிட்டாரு. செண்பகம் வீட்டுக்குப் போனா, அவ அம்மா பூரணம், ஒழுகுற ஓட்டுக்குக் கீழ வச்ச குண்டாவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா.

"ஏட்டி, பேனரே வந்துருச்சாமே?"

"பைலுதாம்மா வந்திருக்கு. பிளெக்ஸ்ல ஏறல."

"ஏறுனா என்ன? ஆம்பளைன்னு ஒருத்தன் வந்தா இந்த ஓட்டையாவது அடைப்பான்ல?"

"அவனா? ஏணியில ஏறச் சொன்னா ஏணிக்கு மூச்சு வாங்கும்மா."

"வாயைப் பாரு. இந்த வாய்க்கு எவன் வருவான்? கம்ப்யூட்டரா பாத்து ஒருத்தனைக் குடுத்திருக்கு."

விசயம் என்னன்னா, அந்தப் பேனரை அச்சடிக்க முடியல. மூணு தரம் போட்டாங்க, மெசின் ஓட ஆரம்பிக்கு முன்னாலயே மூணு தரமும் திரை நீலமாச்சு. இருபதடி நீளம் இல்லையா, அதுக்கு மூச்சு தாங்கல. அண்ணாச்சி செண்பகத்தைக் கூப்பிட்டாரு.

"பத்து நாள் தாரேன் புள்ள. வேற வேலை ஒண்ணும் பாக்காத. இதைத் தொங்காம ஓட வை. உன் கல்யாணம் உன் கையிலதான் இருக்கு, பாத்துக்கோ."

சொல்லிட்டு, பெரிய நகைச்சுவை சொன்ன மாதிரி தொந்தி குலுங்கச் சிரிச்சாரு. அவரு சொன்னதுல அர்த்தம் இருந்தது அதுதான் மொத தடவை, அது அவருக்கே தெரியல.

செண்பகம் யோசிச்சா. சரி பண்ணாட்டி வேலை போகும், வேற எவனையாவது கோயில்பட்டியில இருந்து கூட்டிட்டு வந்து சரி பண்ணுவாரு. சரி பண்ணினா மந்திரமூர்த்தி. எதுவானாலும், நோய் என்னன்னு தெரிஞ்சுக்காம ஒண்ணும் செய்ய முடியாதுன்னு, கண்ணாடிக் கதவைக் கழட்டினா.

மெமரி குச்சி ரெண்டையும் ஒண்ணு ஒண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தா. குத்தம் அதுல இல்ல. கரண்டு பெட்டியை மாத்திப் பாத்தா; இல்ல. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, ஒவ்வொரு இறக்கத்துக்கும் சோதனை ஓட விட்டு, எத்தனை நிமிசத்துல தொங்குது, எம்புட்டுச் சூட்டுல தொங்குதுன்னு கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதினா. எந்த வேகத்துல போட்டாலும் சூடு நூறைத் தொட்டுத்தான் தொங்குச்சு. காத்தாடி சுத்துது, ஆனா சூடு இறங்கல. கடைசியில சிப்பு மேல உக்காந்திருந்த காத்தாடியைக் கழட்டித் தூக்கினா.

குப்புன்னு கோயில் வாசம்.

சிப்புக்கும் காத்தாடி அடிப்பாகத்துக்கும் நடுவுல, சூட்டைக் கடத்துறதுக்குன்னு சாம்பல் கலர்ல ஒரு பேஸ்ட் தடவணும். அங்க இருந்தது சந்தனம். காஞ்சு, கோடைக் கண்மாய் மாதிரி வெடிச்சு, நடுவுல ஒரு குங்குமப் பொட்டோட.

"அண்ணாச்சி, இது என்ன?"

"வீடியோவுல சூடு தணிக்கிற பேஸ்ட்டு போடுன்னான். சந்தனத்தை விடச் சூடு தணிக்கிறது உலகத்துல எது இருக்கு? பன்னீர் விட்டு நானே அரைச்சேன், அரை மணி நேரம்."

"அந்தச் சாம்பல் டியூப்பு?"

"அது ஏதோ நாத்தமா இருந்துச்சு, கதவுக் கீலுக்குத் தடவிட்டேன்."

கடைக் கதவு சத்தமில்லாம தொறக்கிறது ஏன்னு அன்னிக்குத்தான் செண்பகத்துக்குப் புரிஞ்சுது.

கோயில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு டியூப்பு வாங்கிட்டு வந்தா. சந்தனத்தைத் தொடைச்சு, பேஸ்ட்டைத் தடவி, வேகத்தை அஞ்சு புள்ளி நாலுக்கு இறக்கிச் சோதனை போட்டா. சூடு எழுபத்தெட்டைத் தாண்டல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு, ஒரு முணக்கம் இல்ல. நடக்காத விசேஷமும் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, இப்ப முழுசு முழுசா. நோய் தீந்து போச்சு. இதைச் சொன்னா அவ கதையும் தீந்துச்சு.

அவ சொல்லல.

மறுநாள் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்தா. சாமி படத்துக்குக் கீழ இருந்த சந்தனக் கட்டையையும் கல்லையும் எடுத்து, பன்னீர் விட்டு, பதமா அரைச்சா. தடவினா. வேகத்தை மறுபடி அஞ்சு புள்ளி ஆறுக்கு ஏத்திட்டு, கடையில கிடந்த பழைய தள்ளுபடி பேனர் ஒண்ணை ஓட விட்டு, கடிகாரத்தைப் பாத்தா. ஈரச் சந்தனம் பதினோரு நிமிசம் தாங்குச்சு. காஞ்சதும் சூடு நூறு, திரை நீலம். தொடைச்சு, மறுபடி அரைச்சுத் தடவினா, பதினொண்ணு. மறுபடி, பதினொண்ணு. இருபதடி பேனர் முழுசா ஓட இருபத்திரண்டு நிமிசம். அந்தக் கணக்கைக் காலண்டர் தாள்ல எழுதக்கூட இல்ல.

அப்புறம் பைலைத் தொறந்து ரெண்டே ரெண்டு மாத்தம் பண்ணினா. மெசின்ல மொதல்ல ஏறுறது பொண்ணு பக்கமா இருக்கிற மாதிரி திருப்பி வச்சா. வலது பக்கம் மந்திரமூர்த்தி கால்மாட்டுல "மதியம் கறி விருந்து நடைபெறும்"னு ஒரு வரி இருந்துச்சு. அதை எடுத்து இடது பக்கம் தன் கால்மாட்டுல வச்சா. அவளுக்குத் தெரியும் அவ ஊரைப் பத்தி. மாப்பிள்ளை இல்லாட்டிப் பொறுத்துக்கும், கறி இல்லாட்டிக் கம்பெடுக்கும்.

பத்தாம் நாள் காலையில அச்சடிக்கிறதைப் பாக்க ஒரு கூட்டம். அது வர்றதுக்கு முன்னாலயே செண்பகம் புதுச் சந்தனம் அரைச்சுத் தடவி வச்சிருந்தா. டெய்லரு வந்திருந்தாரு, அண்ணாச்சி பொண்டாட்டி வந்திருந்தா, உலகமுத்து கூட நிலைப்படியைப் பூட்டிட்டு வந்திருந்தான். மந்திரமூர்த்தி மீசைக்குச் சாயம் பூசி, மெசின் பக்கத்துல, தன் மூஞ்சி எந்த இடத்துல வரும்னு கணக்குப் பண்ணி அந்த இடத்துலயே நின்னான்.

"செண்பகம், எனக்கு முடி கொஞ்சம் சேத்து நட்டிருக்கியா?"

"நிறைய இடம் விட்டிருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க."

"தொப்பை?"

"தொப்பையே இருக்காது."

மெசின் ஓட ஆரம்பிச்சுது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் போய், ஒரு விரல் ஒரு விரலா, அவ நெத்தி வந்துச்சு, கண்ணு வந்துச்சு, பாசிமணி வந்துச்சு, கறி விருந்து வந்துச்சு; கூட்டம் கறி விருந்தை வாய்விட்டுப் படிச்சுது. கடையெல்லாம் சந்தன வாசம். "தெய்வக் கடாட்சம்"னு அண்ணாச்சி பொண்டாட்டி கன்னத்துல போட்டுக்கிட்டா. செண்பகம் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. எட்டு. ஒம்பது. பத்துல வாசம் கருக ஆரம்பிச்சுது. மந்திரமூர்த்தி குனிஞ்சு வாயைத் தொறந்து பாத்துக்கிட்டு இருந்தான்.

பதினொண்ணு. திரை நீலமாச்சு.

மிச்ச பத்தடியும் வெள்ளையா உருண்டு வந்து தரையில விழுந்துச்சு.

அப்புறம் அண்ணாச்சி, "இன்னொண்ணு அடி! உடனே அடி!"ன்னாரு.

"வேய்"னு ஒரு குரல். டெய்லரு. "எம் பேத்திக்கு ஒரு காது போதும்னு சொன்னது யாரு வேய்?"

"அது வேற, இது வேற..."

"எது வேற? ஏறினது ஏறினதுதான்னு இதே இடத்துல நின்னு சொன்னீரா இல்லையா? உம்ம மச்சினன்னா வெள்ளையில மை ஏறுமோ?"

"நான் கதவை மட்டும் வச்சுப் பால் காய்ச்சினேன் அண்ணாச்சி"ன்னான் உலகமுத்து. "நீங்க வந்து சாப்பிட்டீங்க."

ஊரு தீத்துச் சொல்லிருச்சு. பேனரைக் கையோட தூக்கிட்டுப் போய் மண்டபத்து வாசல்ல கட்டிட்டுத்தான் மறுவேலை பாத்துச்சு.

ஐப்பசி பதினொண்ணு, மழை ஊத்துச்சு, கல்யாணம் நடந்துச்சு. மேளம் வந்துச்சு. மந்திரமூர்த்தி பட்டு வேட்டி கட்டிட்டு வந்து மேடை ஏறப் போனான், பெரியவங்க அவனைக் கைய பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பேனரைக் காட்டி, "நீ இதுல எங்கப்பா இருக்க? காட்டு, உக்காரு"ன்னாங்க. அவன் அந்த வெள்ளையில மூக்கு முட்டுற வரைக்கும் தேடினான். அப்புறம் பந்திக்குப் போய் மொத வரிசையில உக்காந்துட்டான், மூணு தரம் சாப்பிட்டான்.

மேடையில செண்பகம் பக்கத்துல காலி மணை. தாலி எடுங்கன்னாங்க. ஒருத்தன் ஓடிப் போய்ப் பேனரைப் பாத்துட்டு வந்து, தாலிப் படம் மாப்பிள்ளை பக்கத்துலதான் வரணும், வரல, பொண்ணு கழுத்துல பாசிமணி மட்டும்தான் இருக்குன்னான். சரின்னு விட்டுட்டாங்க. அட்சதையைப் போட்டாங்க, பாதி அவ தலையில, பாதி வெறும் மணையில. "மாப்பிள்ளை நல்ல வெளுப்பு"ன்னு ஒரு கிழவி சொன்னா. அதைக் கேட்ட அம்புட்டுப் பேரும் ஆமான்னு தலையாட்டினாங்க. சொன்னவ கிண்டலா சொன்னாளா நிசமா சொன்னாளான்னு அந்த ஊர்ல கண்டுபிடிக்க முடியாது. கறி மட்டும் உப்புக் கம்மின்னு இன்னி வரைக்கும் பேசிக்கிறாங்க.

மறுநாள் செண்பகம் கடைக்குப் போய், அண்ணாச்சி டீக்கடையில இருக்கும்போது, கம்ப்யூட்டரைத் தொறந்து, சந்தனத்தைத் தொடைச்சுச் சாம்பல் பேஸ்ட்டைத் தடவினா. ரூவாத் துட்டு மாதிரி உள்ள இருக்கிற பொத்தான் பேட்டரியைக் கழட்டி, கொஞ்ச நேரம் வச்சிருந்து மாட்டினா. அதோட அது கூட்டின வேகத்தை எல்லாம் மறந்து, பொறந்த வேகத்துக்கே திரும்பிருச்சு. அதுக்கப்புறம் குடுத்ததை அடிச்சுது, குடுக்காததை அடிக்கல. அண்ணாச்சி திருஷ்டின்னு சொல்லி வாசல்ல பூசணிக்காயைக் கட்டினாரு. ஊர்க்காரங்க கொஞ்ச நாள் காலையில வந்து "நமக்கு ஏதும் வந்திருக்கா"ன்னு கேட்டுப் பாத்தாங்க. வரலன்னதும், இனி என்ன செய்யிறதுன்னு தெரியாம, தின்னுட்டுத் தூங்கினாங்க.

மண்டபத்துல இருந்து பேனரை அவிழ்த்தப்போ செண்பகம் தன் பக்கத்தை வெட்டி அங்கயே போட்டுட்டு, வெள்ளைப் பக்கத்தை மட்டும் சுருட்டித் தோள்ல வச்சு வீட்டுக்குக் கொண்டு போனா. ஏணியை அவளே வச்சா, அவளே ஏறினா, ஓட்டு மேல விரிச்சு நாலு மூலையிலயும் கல்லு வச்சா. பூரணம் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டா. மக இறங்கினதும் குண்டாவை எடுத்துக் கவுத்து வச்சுட்டா.

அடுத்த மழை விட்டதும் குழாயடியில அண்ணாச்சி பொண்டாட்டி, குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, நாலு பேரு கேக்கிற மாதிரி கேட்டா.

"ஏட்டி செண்பகம், வீட்டுக்காரர் எப்படி? நல்லா பாத்துக்கிறாரா?"

"நேத்து ராத்திரி பூரா மழையில நின்னாரு அக்கா"ன்னா செண்பகம், குடத்தைக் குழாய்க்குக் கீழ வச்சுக்கிட்டே. "ஒரு சொட்டு உள்ள விடல."